திருகோணமலையின் மூன்று பொது முன்பள்ளிகள்: கட்டடம், கொப்பி, ஆசிரியை

மார்கழி பிறந்துவிட்டால், மூன்று வயது நிரம்பிய பிள்ளை உள்ள வீடுகளில் எந்த நேர்சரியில் சேர்ப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும். திருகோணமலையில் அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு விடயங்களைச் சுற்றியே நடக்கிறது: கட்டடம் எப்படி இருக்கிறது, பிள்ளை எத்தனை மாதத்தில் எழுதப் பழகும். நகரிலும் நகரை ஒட்டிய குடியிருப்புகளிலும் இயங்கும் மூன்று பொது முன்பள்ளிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, இவ்விரண்டையும் கொண்டு அவற்றின் தரத்தை அறிய முடியாது என்பது தெளிவாகியது. ஆசிரியை அங்கே நிலைத்திருக்கிறாரா, அவருடைய மாதச் சம்பளம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்னும் இரண்டு கேள்விகளே அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டைப் பெருமளவு விளக்குகின்றன. முன்பள்ளிகளின் பெயர்களும் அவை அமைந்துள்ள இடங்களும் இங்கு தவிர்க்கப்பட்டுள்ளன. சிறிய நகரத்தில் இடத்தைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும்.

யார் நடத்துகிறார்கள்

இலங்கையில் அரசு பொறுப்பேற்கும் இலவசக் கல்வி தரம் 1இல் தொடங்குகிறது. கட்டாயக் கல்விக்குரிய வயதும் ஐந்திலிருந்தே கணக்கிடப்படுவதால், அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் சட்டத்தின் பார்வையில் பெற்றோரின் விருப்பத்துக்கு உரியவை. 2016இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 19,000க்கு மேற்பட்ட முன்பிள்ளைப்பருவ நிலையங்கள் பதிவாகின. அவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை. எஞ்சியவை உள்ளூராட்சி மன்றங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், சமய நிறுவனங்கள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளன. இந்த ஆய்வில் பொது முன்பள்ளி என்று குறிப்பிடப்படுவது, இலாப நோக்கின்றிப் பொதுக் கட்டடத்தில் அல்லது பொதுக் காணியில் நடைபெறுவதும், அயலில் உள்ள எந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதும் ஆகும்.

அரசியலமைப்புக்கு 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆம் திருத்தம் முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. கிழக்கு மாகாணத்தில் அதற்கென முன்பள்ளிக் கல்விப் பணியகம் ஒன்று உண்டு. அதே வேளை, 2004இல் வகுக்கப்பட்ட தேசியக் கொள்கையின் வழியே மத்திய அரசின் சிறுவர் செயலகமும் இத்துறையில் இயங்குகிறது. அதன் வேலைகளைப் பார்ப்பவர் பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர். பிள்ளைகளின் நிறையையும் உயரத்தையும் அளப்பது சுகாதாரப் பகுதியினரின் வேலை. கட்டடம் இன்னொருவருடையது, தண்ணீர்க் கட்டணம் வேறொருவருடைய தலையில். விடுகை விழா அன்று முன்வரிசைக் கதிரைகள் எல்லாம் நிறைந்துவிடுகின்றன. கூரைத் தகடு உடைந்தால் யாரிடம் சொல்வது என்பது மட்டும் எவருக்கும் உறுதியாகத் தெரிவதில்லை. 2017 செப்டம்பரில் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர் தேர்தல் நடைபெறவில்லை. எனவே மாகாணப் பொறுப்பில் உள்ள இத்துறையைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் ஆண்டுகள் கடந்துள்ளன.

நகர மையத்தில் உள்ள முன்பள்ளி

முதலாவது முன்பள்ளி நகரின் நடுவில் உள்ளூராட்சி மன்றத்துக்குரிய பழைய கட்டடம் ஒன்றில் நடைபெறுகிறது. ஆசிரியைகளுக்கு மன்றத்திலிருந்தே மாதச் சம்பளம் வருகிறது. அதனால் இருவரும் நெடுங்காலமாக அங்கேயே இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் செருப்புகளை வரிசையாகக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருவதிலிருந்து பதினொன்றரைக்கு ஓட்டோக்கள் வாசலில் நிற்பது வரை எதுவும் தடுமாறுவதில்லை. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, யாரை எந்தத் தாத்தா அழைத்துப் போவார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இவ்வளவு இருந்தும், காலைப்பொழுதின் பெரும்பகுதி சதுரக்கொப்பியிலேயே கழிகிறது. நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு பக்கம் நிறைய ஒரே எழுத்தை எழுதுகிறார்கள். பென்சிலைப் பிடிக்கும் விரல்கள் வலித்ததும் சிலர் கையை உதறிவிட்டு மீண்டும் குனிகிறார்கள். இது பிள்ளைக்கு ஏற்றதல்ல என்பதை அந்த ஆசிரியைகள் அறியாதவர்கள் அல்லர்; பயிற்சி பெற்றவர்கள், விளையாட்டு வழிக் கற்றலைப் பற்றி நன்றாகவே பேசக்கூடியவர்கள். "எழுத வைக்காட்டி அடுத்த வருசம் பிள்ளைய வேற இடத்துக்கு மாத்திடுவாங்க" என்று மூத்த ஆசிரியை சொன்னார். கூப்பிடு தூரத்தில் தனியார் நேர்சரிகள் இருக்கும்போது அந்த அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. பெற்றோரில் பலர் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள். மாலையில் பிள்ளையின் பையைத் திறந்ததும் கொப்பியில் எத்தனை பக்கம் நிறைந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

அவர்களுடைய எண்ணத்தில் இந்தக் கொப்பி நகரின் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குப் போகும் வழி. கோணேஸ்வரா இந்துக் கல்லூரியிலும் சண்முகா இந்து மகளிர் கல்லூரியிலும் இடம் கிடைக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் தரம் 1 அனுமதிக்கான சுற்றுநிருபத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கென்று ஒரு புள்ளியும் ஒதுக்கப்படவில்லை. வெற்றிடங்களில் 50 வீதம் பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கும், 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும், 15 வீதம் ஏற்கெனவே அங்கு கற்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கும் உரியவை. மீதி சிறு பங்குகள் இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்கள் முதலிய வகைகளுக்குப் போகின்றன. நேர்முகத்தில் பார்க்கப்படுவது வீட்டு உறுதியும் வாக்காளர் பதிவும் தண்ணீர், மின்சாரப் பட்டியல்களும்தான். இன்னொன்றும் உண்டு. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின்படி, தரம் 1 ஆசிரியர் முதல் வாரங்களில் பிள்ளைகளை விளையாட்டிலும் செயற்பாட்டிலும் ஈடுபடுத்தி அவர்களை இனங்காண வேண்டும். எழுத்து அதன் பிறகே வருகிறது. ஆக, பெற்றோர் அஞ்சும் பரீட்சை எங்குமே நடப்பதில்லை. இதை ஒரு பெற்றோர் கூட்டத்தில் சுற்றுநிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது விளக்கியிருந்தால், அந்த ஆசிரியைகளின் கைக்கட்டு பாதி அவிழ்ந்திருக்கும்.

கடற்கரைக் குடியிருப்பின் முன்பள்ளி

இரண்டாவது முன்பள்ளி நகரின் கடலோரத்தில் மீனவக் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஒரு குடியிருப்பில் உள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட சிறிய மண்டபம். உப்புக்காற்றில் சன்னல் கம்பிகள் துருப்பிடித்துள்ளன, ஊஞ்சலில் சங்கிலி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நிர்வாகம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கையில். ஆசிரியை அதே தெருவில் வசிப்பவர். இப்போது படிக்கும் சில பிள்ளைகளின் தாய்மாருக்கும் அவர்தான் எழுத்தறிவித்தவர். கட்டடத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் மூன்றில் கடைசி இடம் இதற்குத்தான் கிடைக்கும்.

ஆனால் பிள்ளைகள் மிக அதிகமாகப் பேசுவது இங்கேதான். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மண்டபத்துக்குள் ஒன்பது மணிக்கு மேல் இருக்க முடியாது. ஆசிரியை பாய்களைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் பின்னாலேயே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பெட்டிகளில் இருப்பவை சிப்பி, சோகி, வலைத்துண்டு, போத்தல் மூடி, உடைந்த தராசுத் தட்டு. அன்று ஒரு சிறுமி சிப்பிகளை மீன்களாக்கிக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கூற்றில் பெரிய சிப்பிகள் இரண்டு, மற்றதில் சிறியவை ஐந்து. "ரெண்டு கூறும் சரியா மகள்?" என்று ஆசிரியை கேட்டார். "அதில பெரிசு ரெண்டு கிடக்கு, இதில சின்னன் அஞ்சு கிடக்கு, காசு ஒண்டுதான் ரீச்சர்" என்று பதில் வந்தது. வாங்க வந்த சிறுவன் ஒத்துக்கொள்ளவில்லை. சிறியதில் முள் கூட என்றான். பிறகு மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, எந்தக் கூறு எத்தனை பேருக்குக் காணும் என்ற வாதம் கஞ்சி வரும்வரை நீண்டது. ஆசிரியை நடுவில் ஒன்றிரண்டு கேள்விகள்தான் கேட்டார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

எண்ணிக்கை, அளவு, ஒப்பீடு, காரணம் சொல்லுதல், பிறர் சொல்வதைக் கேட்டு மறுத்தல் ஆகிய அனைத்தும் அந்த அரை மணி நேரத்தில் நடந்தேறின. முன்பள்ளிப் பாடத்திட்டம் எதிர்பார்ப்பதும் இவற்றைத்தான். இந்த விளையாட்டை ஒரு பயிற்சிக் கைநூலிலிருந்து எடுத்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் அப்பாமார் விடியற்காலையில் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்த ஒருவரால் மட்டுமே அதற்கு இடம்கொடுக்க முடியும். அதே வேளை குறைகளும் இருந்தன. கதைப் புத்தகங்கள் மிகச் சில. கழிவறைக்குத் தண்ணீர் வாளியில்தான் வருகிறது. ஆங்கிலப் பாட்டுகள் தேய்ந்த ஒலிநாடாபோல் பொருளின்றி ஒப்பிக்கப்படுகின்றன. புதிய பயிற்சி எதற்கும் ஆசிரியை நெடுநாளாக அழைக்கப்படவில்லை.

இங்கு பணம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். அவருக்கு மாகாணத்திலிருந்து ஒரு சிறு கொடுப்பனவு வருகிறது. மீதி பெற்றோர் கட்டும் மாதப் பணம். கிழக்குக் கரையில் வாடைக்காற்றுக் காலம் ஐப்பசி பிற்பகுதியில் தொடங்கித் தை வரை இழுக்கும். கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் சிறு படகுகள் பல நாள்கள் கரையிலேயே கிடக்கின்றன. முன்பள்ளி ஆண்டோ ஜனவரியில் தொடங்குகிறது. அனுமதிப் பணம், சீருடை, கொப்பி, பாதணி என்று எல்லாச் செலவும் கையில் காசில்லாத அதே வாரங்களில் வந்து விழுகின்றன. ஆகவே ஜனவரியில் பல பெற்றோர் பணம் கட்டுவதில்லை. சிலர் பிள்ளையை அனுப்பவே வெட்கப்பட்டு மாசி கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள். நகர மையத்தில் சீராக ஓடும் அதே நாட்காட்டி, இங்கே ஆசிரியையின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. அவர் நிலைத்திருப்பதற்குக் காரணம் சம்பளமன்று. வீடு அங்கே இருப்பதும், கணவரின் வருமானமும், ஊர் தரும் மரியாதையும்தான். அவரைப் போன்ற இன்னொருவர் அவருக்குப் பின் கிடைப்பார் என்று திட்டமிட முடியாது.

புதிய கட்டடத்து முன்பள்ளி

மூன்றாவது முன்பள்ளி நகருக்கு மேற்கே, கடலைவிட்டு விலகிய குடியேற்றப் பகுதியில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு விடுவது, நோன்பு காலத்தில் விழாக்களைத் தள்ளிவைப்பது என்பவற்றில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. (சிங்களப் பிள்ளைகள் மொழி காரணமாக வேறிடத்துக்குப் போகிறார்கள். மூவின மக்களும் வாழும் நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு, ஆனால் மூன்று வயதிலேயே வாசல்கள் பிரிந்துவிடுகின்றன.) ஓர் அபிவிருத்தித் திட்டத்தின் நிதியில் கட்டப்பட்ட இதன் கட்டடம் மூன்றிலும் சிறந்தது: வண்ணச் சுவர்கள், பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற கைகழுவும் தொட்டி, சிறிய கழிவறை, முற்றத்தில் ஊஞ்சல், ஏணி, சறுக்கி. சறுக்கி தகரத்தால் ஆனது. நிழல் இல்லாத இடத்தில் நாட்டியிருப்பதால் காலை ஒன்பதரைக்குப் பிறகு அதில் ஒரு பிள்ளையும் உட்கார முடிவதில்லை. திருகோணமலை வெயிலை அறியாத யாரோ கடதாசியில் வரைந்த முற்றம் அது.

இங்கே ஆசிரியைகள் தங்குவதில்லை. இப்போது இருப்பவர் இளம்பெண்; தகைமையும் ஆர்வமும் உடையவர். ஆனால் ஆண்டின் நடுவில் வந்ததால் பல பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தம்பி, தங்கச்சி என்றே எல்லோரையும் அழைக்கிறார். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் சொன்னதைச் செய்யாமல் சும்மா இருந்தான். குழப்படிக்காரன் என்று அவனை முன்னுக்கு அழைத்துத் தனியே இருத்தினார். முன்னிருத்தியதும் அவன் ஒழுங்காக எல்லாம் செய்தான். மாலையில் தாயுடன் பேசியபோதுதான் காரணம் தெரிந்தது: பிள்ளைக்கு ஒரு காதில் கேட்பது குறைவு, முன்பிருந்த ஆசிரியையே அதைக் கண்டுபிடித்து, பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, முன்வரிசையில் இருத்தியும் வந்திருக்கிறார். அவர் போனபோது அந்த அறிவும் அவரோடு போய்விட்டது. வரவுப் பதிவேடு, பொருட்பட்டியல், நிறை அட்டவணை ஆகியவை கைமாறின. பிள்ளைகளைப் பற்றிய குறிப்பு என்று ஒரு பக்கம்கூட இல்லை.

முன்பிருந்தவர் போனது ஒரு துணிக்கடை வேலைக்கு. அதை எவரும் குறைசொல்ல முடியாது. தனியார் துறையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு வரவு செலவுத் திட்டம் முன்பள்ளி ஆசிரியைகளின் மாதக் கொடுப்பனவில் கூட்டிய தொகை 1,000 ரூபா. கட்டடத்துக்கு நிதி வழங்கியவர்களின் கணக்கில் ஆசிரியையின் சம்பளத்துக்கு ஒரு வரி இருக்கவில்லை. திறப்பு விழாவோடு அவர்களுடைய பொறுப்பு முடிந்தது. குடியேற்றப் பகுதியின் பெற்றோரில் பலர் நாட்கூலிக்குப் போகிறவர்கள். மாதப் பணம் ஒழுங்காக வருவதில்லை. இந்த ஆசிரியைகளில் எவரும் அயலில் வசிப்பவரும் அல்லர். பஸ் செலவு போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்த எவரும் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்கமாட்டார்.

உணவு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெரிவுசெய்யப்பட்ட முன்பள்ளிகளுக்கு அரசு வழங்கும் காலை உணவுக்கான தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கடற்கரை முன்பள்ளியில் தாய்மார் முறைவைத்துச் சமைக்கிறார்கள். இலைக்கஞ்சியும் அவித்த பயறும் மீன்கறியோடு சோறும் மாறி மாறி வருகின்றன. சமைக்க வரும் தாய் அரை மணி நேரமாவது பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போவதால், பென்சிலும் கொப்பியும் இல்லாமல் பிள்ளை என்ன கற்கிறது என்பதை அவள் கண்ணால் காண்கிறாள். அங்கு எழுத வைக்கச் சொல்லும் நெருக்குதல் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். நகர மையத்தில் பெற்றோர் வாசலைத் தாண்டி வருவதில்லை. உணவு வீட்டிலிருந்து பெட்டியில் வருகிறது.

ஒப்பீட்டில் எழும் சிக்கல்

நிலைத்த ஆசிரியை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. நகர மையத்தில் சம்பளமும் நிலைப்பும் இருந்தும் வகுப்பறை கொப்பிக்குள் ஒடுங்கிவிட்டது. கடற்கரையில் சீரான சம்பளம் இல்லாமலே நிலைப்பு இருக்கிறது, அது ஒரு தனி மனுசியின் தியாகத்தில் தொங்குகிறது. மூன்றாவதில் கட்டடமும் தகைமையும் இருந்தும் ஆள் நிற்கவில்லை. சம்பளம் ஆசிரியையை இருக்கச் செய்கிறது. இருக்கும் ஆசிரியை நல்லபடி கற்பிக்கப் பெற்றோரின் ஒப்புதலும் மேற்பார்வையும் வேண்டியிருக்கின்றன. ஆனால் இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது: ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் செலவிடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மேற்பார்வைக்கு வரும் உத்தியோகத்தர்கள் மீது குற்றம் சுமத்துவதும் நியாயமன்று. ஒருவருக்குப் பல முன்பள்ளிகள். எரிபொருள் படி போதாது. வரும் நேரத்தில் படிவங்களை நிரப்பவே சரியாக இருக்கும். ஆயினும் அவர்கள் கேட்கும் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பதற்குப் பணம் தேவையில்லை: இந்த ஆசிரியை எந்த மாதத்திலிருந்து இங்கே இருக்கிறார், கடந்த மூன்று மாதங்களில் அவர் கையில் கிடைத்த தொகை எவ்வளவு. இவ்விரு பதில்களும் ஓர் அலுவலகத்தில் ஒன்றுசேர்ந்தால், எந்த முன்பள்ளி அடுத்த ஆண்டு ஆளின்றி நிற்கும் என்பதை டிசம்பருக்கு முன்பே அறிந்துவிடலாம். அதுபோலவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் வந்தால், அது ஆசிரியை மாறும்போதும் பிள்ளை தரம் 1க்குப் போகும்போதும் கூடவே போகும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பார்க்க வேண்டியதும் இதுவே. விழா நாளில் போகாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போய் வாசலில் நின்றால், ஆசிரியை பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, பிள்ளைகள் கேட்காமலே பேசுகிறார்களா என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். சென்ற ஆண்டும் இவர்தானா என்று கேட்கலாம். கொப்பியை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடற்கரை முன்பள்ளியின் மாதர் சங்கம் இந்த ஆண்டு ஒரு தீர்மானம் எடுத்துள்ளது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பணம் கேட்பதில்லை. கடல் அடங்கி வருமானம் வரும் மாதங்களில் சற்றுக் கூட்டி வாங்கி ஆண்டுக் கணக்கைச் சரிக்கட்டுவது. இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்குச் சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து ஆசிரியைக்கு முற்பணம் கொடுப்பது. மூன்றாவது முன்பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. ஆனால் அங்கே நாட்கூலிக்குப் போகிறவர்களுக்குப் பருவம் என்று ஒன்றில்லை, சங்கத்திடம் சுழற்சி நிதியும் இல்லை. இப்போதிருக்கும் ஆசிரியை வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.